தறி நின்ற நாளில் ஒரு படப்பிடிப்பு

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாளில் யோகலட்சுமி வீட்டில் இருக்கமாட்டாள். காலை ஒன்பதுக்கு நின்ற தறிகள் சாயங்காலம் ஐந்துக்குத்தான் மறுபடி ஓடும். அந்த எட்டு மணி நேரத்தையும் வெளியே எங்காவது கழித்துவிட்டு, தெருமுனையில் தறிச்சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுப் பூட்டைத் திறப்பாள்.

அவள் வீட்டுக்கும் சங்கரபாண்டியின் பட்டறைக்கும் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் பதினாறு விசைத்தறிகள் ராப்பகலாக ஓடும். இந்தப் பக்கம் அலமாரியில் கவிழ்த்துவைத்த டம்ளர்கள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். வாசுதேவநல்லூரில் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள், கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்த முதல் மாதம் தூக்கமில்லாமல் தலைவலியோடு அலைந்தாள். இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது. புருஷன் பேச்சிராஜ் தறி ரிப்பேர் பார்க்கிறவன். நெஞ்சுவலியில் அவன் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவள் அதே பட்டறையில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடும் நூலைக் குச்சியில் சுற்றிக்கொடுக்கும் வேலை. காலையில் போனால் சாயங்காலம் வரை ஆட்களோடு கத்திப் பேசிக்கொண்டிருக்கலாம். கத்தாமல் அங்கே எதுவும் காதில் விழாது. வீட்டுக்கு வந்து ஒற்றைத் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாலும் சுவருக்கு அந்தப் பக்கம் நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கும்.

கரண்டு இல்லாத நாளில் தான் சோறு மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்கும். அதை ஒருநாள் கேட்டாள். அதற்குப் பிறகு அந்த நாளில் வீட்டில் சாப்பிடுவதில்லை.

காலையில் கோமதியம்மன் சன்னதிக்குப் போவாள். மத்தியானம் நடை சாத்தியதும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, வாசுதேவநல்லூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே உள்ள சிமெண்ட் பெஞ்சில் உட்காருவாள். பஸ் வரும், ஆட்கள் இறங்குவார்கள். பழக்கூடையோடு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வந்த புருஷன் பெண்டாட்டி, காலேஜ் பிள்ளைகள். அவள் அண்ணன் தங்கசாமி இறங்கமாட்டான். இறங்குவான் என்று அவள் எதிர்பார்த்ததாகவும் சொல்ல முடியாது. நிழல் இருந்தது, உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

அண்ணனோடு பேச்சு நின்று ஒன்பது வருஷம். அவன் மகள் சுமதியின் சடங்குக்குப் போயிருந்தாள். அத்தைக்காரிதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். புருஷனை இழந்தவள் ஊற்றக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும், முன்னால் போய் நிற்கவும் இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணுக்குச் செம்பில் கோரிக் கொடுக்க மட்டும் குனிந்தாள். அண்ணன் பெண்டாட்டி வந்து அந்தச் செம்பை வாங்கிக்கொண்டு, "நீங்க அங்கன போயி உக்காருங்க மதினி" என்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. நாலு அடி தள்ளி நின்ற தங்கசாமி அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கீழே குனிந்து வாழை இலைகளை எண்ண ஆரம்பித்தான். அவள் சாப்பிடாமல் கிளம்பி பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட அந்த இருபது நிமிஷம் தாராளமாகப் போதும். அவன் வரவில்லை.

அதன்பிறகு இவளும் போகவில்லை. அது பழகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தெருவில் ஒரு கிழவி செத்துப்போகும்வரை பெரிதாகத் தோன்றவும் இல்லை. இறந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து கோடிச்சேலை போர்த்த வேண்டும். அதன்பிறகுதான் தூக்குவார்கள். அந்தக் கிழவிக்குப் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. சாயங்காலம் நாலு மணிவரை பார்த்துவிட்டு, தெருக்காரர்களே பட்டறையிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் போர்த்தி அனுப்பினார்கள். பின்னால் நின்ற ஒருத்தி, "கோடி போட நாதியில்லாமப் போயிட்டாளே" என்றாள். அந்த வாக்கியத்தை யோகலட்சுமி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தார் சுற்றும்போதுகூடச் சில நாள் அது கூடவே சுற்றும். நாளைக்குத் தனக்கு ஒன்று என்றால் வாசுதேவநல்லூரிலிருந்து யார் வருவார்கள்?

பட்டறைக்காரர் சங்கரபாண்டியின் மகள் அனு திருநெல்வேலியில் சினிமா, விளம்பரம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிற படிப்பில் கடைசி வருஷம். ஒருநாள் நோட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"அத்தை, வார செவ்வாக்கெழமை ஷட்டவுனு. அன்னைக்கு ஒருநா ஒங்க வீட்ட எங்களுக்குத் தருவீயளா?"

"எதுக்குட்டி?"

"பேய்ப் படம் எடுக்கணும். முழுப் படம் இல்ல, படத்தோட ஆரம்பம் மட்டும். ரெண்டே நிமிஷம். அதுக்குத்தான் மார்க்கு."

"என் வீட்டப் பாத்தா ஒனக்குப் பேய் வீடு மாதிரியா இருக்கு?"

"ஐயோ, இல்லத்தை. ஆள் இல்லாத வீடாப் பாத்து..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

யோகலட்சுமி சிரித்துவிட்டாள். பிறகு நோட்டை வாங்கிப் பார்த்தாள். பேய்ப் படத்தின் ஆரம்பத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லி எழுதவைத்த பட்டியல். வீட்டில் தனியாக ஒரு பெண். இருட்டு. புகை. முதலில் அமைதி, அப்புறம் ஒரு சத்தம். கதவு. தினமும் பார்க்கிற பொருள் ஒன்று தப்பான இடத்தில். கடைசியில் படத்தின் பெயர். இதையெல்லாம் வைத்து அனு ஒரு கதை பண்ணியிருந்தாள். கதவு தட்டுகிற சத்தம் கேட்டு அந்தப் பெண் போய்த் திறக்கிறாள். வெளியே யாரும் இல்லை. திரும்பினால் சுவரில் மாலை போட்ட போட்டோ. அது அவளுடைய போட்டோதான்.

"அப்ப செத்தது அவளா?"

"ஆமா. அவளுக்கே அது தெரியாது."

"பாவம்லா" என்றாள் யோகலட்சுமி. வீட்டையும் தருவதாகச் சொன்னாள்.

ராத்திரிக் காட்சியைப் பட்டப்பகலில் எடுப்பதற்குக் காரணம் அமைதிதான். மற்ற நாளில் அந்தத் தெருவில் மைக்கை நீட்டினால் தறிதான் பதிவாகும். ராத்திரியிலும் அதே கதை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தறிகள் ஒவ்வொன்றாக மூச்சுவிட்டு நின்றன. அனுவோடு படிக்கும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கேமரா முகம்மது அர்ஷத், கடையநல்லூர்க்காரன். சத்தம் பதிவுசெய்கிற ஷாஹின் பானுவுக்கும் அதே ஊர். கூடம் சின்னது என்பதால் கட்டில், ஸ்டூல் எல்லாம் அடுக்களைக்குப் போயின. யோகலட்சுமியின் நாலு பிளாஸ்டிக் நாற்காலியையும், ஏறி நின்று கம்பளி கட்டுவதற்காகப் பட்டறையிலிருந்து தூக்கிவந்த ஆறையும், வேலை முடிந்ததும் அர்ஷத் தெருவில் வேப்பமர நிழலில் வரிசையாகப் போட்டான். ஜன்னல்களில் கறுப்புக் கம்பளி தொங்கியது. புகை போடுகிற மெஷின் வாடகைக்குக் கிடைக்காததால் இரண்டு மண்சட்டி நிறையத் தணலும் ஒரு பாக்கெட் சாம்பிராணியும் தயாராயின. எல்லோருடைய செருப்பும் வாசலில். ஷாஹின் ஒரு தூக்குவாளியை நீட்டி, "செல்லெல்லாம் ஆஃப் பண்ணி இதுல போடுங்க. ஆன்ட்டி, ஒங்களுதும்" என்றாள்.

நடிக்க வரவேண்டிய பெண்தான் வரவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் தலையை விரித்துப் போட்டு நிற்பதாவது என்று அவள் அம்மா கதவைச் சாத்திவிட்டாளாம். அனு நகத்தைக் கடித்தாள். அடுத்த ஷட்டவுன் வருவதற்குள் படம் கொடுக்கிற தேதியே முடிந்துவிடும்.

"ஏட்டி, நீயே நடி" என்றான் அர்ஷத்.

"நான் நடிச்சா டைரக்‌ஷன் யாரு பண்ண, ஒங்க வாப்பாவா?"

பிறகு மூன்று பேருமே யோகலட்சுமியைப் பார்த்தார்கள்.

"என்னையவா? நல்லா இருக்கே கூத்து! நான் வந்தா பேய்தான் பயந்து ஓடும்."

"வசனமே கிடையாதுத்தை. நடந்து போயி கதவத் திறக்கணும். அம்புட்டுதான்."

தலைமுடியை விரிக்க ஒத்துக்கொண்டாள். வெள்ளைச் சேலை மட்டும் கட்டமாட்டேன் என்றாள். அர்ஷத் சந்தனக் கலரே போதும் என்றான். அதன்பிறகுதான் இன்னொரு சிக்கல் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மாலை போடவேண்டிய போட்டோ இப்போது யோகலட்சுமியின் போட்டோவாக இருக்க வேண்டும். அதை யார் வாயால் கேட்பது? அனு ஷாஹினைப் பார்த்தாள். ஷாஹின் மைக்கைத் துடைத்தாள்.

யோகலட்சுமிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் பீரோவின் அடித்தட்டிலிருந்து சட்டம் போட்ட போட்டோ ஒன்றை எடுத்துவந்தாள். ஒரு ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சிராஜ் அவளை ஸ்டூடியோவுக்கு இழுத்துப்போய் எடுத்தது. பெரிய பொட்டும் தலை நிறையப் பூவுமாக, என்னவோ சொல்ல வாயெடுத்தவள் மாதிரி இருப்பாள். பேச்சிராஜ் போனபிறகு அந்தப் பொட்டைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எடுத்து உள்ளே வைத்திருந்தாள்.

"மாட்டுங்க. எனக்கு மாலை போட்டா எப்பிடி இருக்கும்னு நானும் பாத்துக்கிடுதேன். பொறவு யாரு மாட்டப் போறா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிள்ளைகள் சிரிக்கவில்லை.

சுவரில் பேச்சிராஜின் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். அவனுக்கு பிளாஸ்டிக் மாலை, இவளுக்குப் பூ மார்க்கெட்டிலிருந்து வந்த புது ரோஜா மாலை. குங்குமம் வைத்து, கீழே ஒரு விளக்கும் ஏற்றி, சாம்பிராணியைப் போட்டார்கள். வாசல் கதவைத் திறந்துவைத்து, போட்டோவை மட்டும் முதலில் எடுத்துப் பார்த்தான் அர்ஷத். புகை வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது.

பிறகு ஷாஹின், "எல்லாரும் அப்பிடியே நில்லுங்க. ரூம் டோன் எடுக்கணும்" என்றாள்.

"அப்பிடின்னா?"

"ஆன்ட்டி, ஒரு வீட்டுல யாருமே பேசாம இருக்கும்போதும் ஒரு சத்தம் இருக்கும்லா? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொண்ணு. அதை ஒரு நிமிஷம் தனியாப் பதிஞ்சு வச்சுக்கிட்டாத்தான் பொறவு ஒட்ட முடியும்."

நின்றார்கள். ஒரு நிமிஷம்தான். பின்கட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டியது. எங்கோ ஒரு காக்கா. அலமாரியில் டம்ளர்கள் ஆடாமல் இருந்தன. தான் இத்தனை வருஷமாகப் பூட்டிவிட்டு ஓடுகிற அந்தச் சத்தத்தை இந்தப் பெண் காதில் மாட்டிக்கொண்டு கண்ணைமூடிக் கவனமாகக் கேட்பதை யோகலட்சுமி பார்த்தாள்.

அந்த நிமிஷத்தில்தான் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. தேங்காய் வியாபாரி சிவனாண்டி. வாசுதேவநல்லூர்க்காரர், செவ்வாய்தோறும் குட்டி யானை வண்டியில் இந்தத் தெருப்பக்கம் வருவார். யோகலட்சுமி அடுக்களைப் பக்கம் இருட்டில் நின்றதால் அவளை அவருக்குத் தெரியவில்லை. அவர் வாயைத் திறக்கப்போனார். ஷாஹின் கண்ணைத் திறந்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கைகட்டி நின்றார். பிறகு போய், வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே கிளீனரோடு சேர்ந்து தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போனார்.

"சூட்டிங்குக்கு இவ்வளவு மரியாதை குடுக்குற மனுசனை நான் பாத்ததே இல்ல" என்றான் அர்ஷத்.

கதவுக் காட்சி லேசாக முடிகிற மாதிரி இல்லை. அர்ஷத் கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டு, மரப்பலகையில் மூன்று தட்டு தட்டுவான். யோகலட்சுமி அடுக்களையிலிருந்து வந்து, தயங்கி, கதவைத் திறந்து, வெளியே யாரும் இல்லை என்று பார்த்து, பயப்பட வேண்டும். நடப்பது, தயங்குவது எல்லாம் சரியாக வந்தது. பயம் மட்டும் வரவில்லை.

"அத்தை, பால்காரனுக்குக் கதவத் திறக்குற மாதிரி இருக்கு."

"வெளிய யாருமில்லைன்னா எனக்கு என்னட்டி பயம்? என்னைக்கும் யாரும் இல்லதானே."

மறுபடி எடுத்தார்கள். ஒருமுறை சிரித்துவிட்டாள். ஒருமுறை தும்மல். மத்தியானம் அனுவின் அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் கதவைச் சாத்தினார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ தடவை. இந்தத் தடவை அர்ஷத் கேமராவைக் கையில் எடுத்து உட்கார்ந்துகொண்டதால் அனு பலகையைத் தட்டினாள். யோகலட்சுமி புகைக்குள்ளிருந்து தலைவிரி கோலமாக வந்து கதவைத் திறந்தாள்.

வெளியே பத்து நாற்காலிகளில் ஒன்றில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். கடைசி நாற்காலி. துண்டால் வாயைப் பொத்தியிருந்தான். மடியில் ஒரு மஞ்சப்பை. முடி முழுக்க நரைத்திருந்தது. தலையை நிமிர்த்தியபோதுதான் தங்கசாமி என்று தெரிந்தது.

இரண்டு பேரும் அசையவில்லை. யோகலட்சுமி கதவுநிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் என்னவாகிக்கொண்டிருந்தது என்பது பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த அர்ஷத்துக்குத்தான் தெரிந்தது. அவன் கேமராவை நிறுத்தவில்லை.

அப்புறம் தங்கசாமி "ஏ... யோகு..." என்று எழுந்தவன் பின்னால் ஒரு அடி வைத்தான். நாற்காலி விழுந்தது. ஒற்றைச் செருப்பு சாக்கடைக்குள் போனது. மஞ்சப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேப்பமரத்தில் சாய்ந்துவிட்டான்.

"யாருத்தை அது?" என்று அனு பின்னாலிருந்து கேட்டாள்.

"எங்கண்ணன்" என்றாள் யோகலட்சுமி.

விஷயம் வெளியே வரக் கால்மணி நேரம் பிடித்தது. தண்ணீர் குடித்து முடித்துத் தங்கசாமி சொன்னான்.

"சிவனாண்டி போன் போட்டான். ஒன் தங்கச்சி போயிட்டா வே, வாசல்ல சேர் போட்டுருக்கு, மாலை போட்டுருக்கு, தெருவுல தறியெல்லாம் நிப்பாட்டிட்டாங்கன்னு. ஒனக்கு அடிச்சேன், சுவிட்ச் ஆஃபுன்னான். பொறவு நான் என்னத்தக் கண்டேன்?"

அர்ஷத் தூக்குவாளியைப் பார்த்தான். ஷாஹின் தரையைப் பார்த்தாள். தெருவில் சாவு என்றால் பட்டறைகள் தறியை நிறுத்துவது வழக்கம் என்று அனுவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்காலி, செருப்பு, சாம்பிராணி, விளக்கு, மாலை. வாத்தியார் சொன்ன பட்டியலுக்கு ஏற்ப ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவர்கள் அச்சு அசலாக ஒரு சாவு வீட்டைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள்.

"வந்தவன் உள்ள வராம ஏன் அங்கனயே உக்காந்துட்ட?" என்று யோகலட்சுமி கேட்டாள்.

தங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்தான். "அழுக சத்தமே இல்லையேட்டி. சேரு பூரா காலியாக் கெடக்கு. அழக்கூட ஒரு ஆள் இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்பிடி வர, சொல்லு."

அவள் எழுந்துபோய்த் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

அவன் செல்போன் அடித்தது. அவன் பெண்டாட்டி. அமைதியான வீட்டில் அந்தப் பக்கத்துக் குரல் எல்லோருக்கும் கேட்டது. "எத்தன மணிக்கு எடுக்காங்களாம்?"

"எடுக்கல" என்றான் தங்கசாமி. "காப்பி போடுதா."

"யாரு?"

"யோகுதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவன் போனை அணைத்துவிட்டான். ஷாஹின் துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். யோகலட்சுமிக்கும் தோள் குலுங்கியது. பால் பொங்கப் பார்த்ததால் திரும்பாமல் நின்றாள்.

காப்பியைக் குடித்ததும் தங்கசாமி சுவரைக் காட்டினான். "மொதல்ல அதக் கழட்டு."

அனு முன்னால் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "மாமா, மன்னிச்சிருங்க. இன்னும் ஒரே ஒரு ஷாட்டு. அந்தப் போட்டோதான் கடைசி. அதுமேலதான் படத்தோட பேரு வரணும். அஞ்சு மணிக்குத் தறி ஓட ஆரம்பிச்சிரும்."

"ஒங்களுக்கெல்லாம் வெளாட்டாத் தெரியுதா? உசுரோட இருக்கிறவளுக்கு மாலைய மாட்டி..."

"நான்தான் மாட்டச் சொன்னேன்" என்றாள் யோகலட்சுமி. "பிள்ளைங்க வேலைய முடிச்சுக்கிடட்டும். நீ பேசாம இரு."

அவர்கள் எடுத்தார்கள். தங்கசாமி தரையில் உட்கார்ந்து, சுவருக்கு முதுகைக் காட்டி, பின்கட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். கேமரா போட்டோவை நோக்கி மெல்ல நகர்ந்தது. அனு "ஓகே" என்றபிறகும் அவன் திரும்பவில்லை.

"முடிஞ்சிட்டு. இங்கன பாக்கலாம்" என்றாள் யோகலட்சுமி.

"பாக்க முடியலட்டி" என்றான்.

யோகலட்சுமி அவனுடைய பின்னங்கழுத்தைப் பார்த்தாள். சடங்கு வீட்டில் இலைகளை எண்ணக் குனிந்தபோதும் இந்தக் கழுத்தைத்தான் பார்த்தாள். அன்றைக்கு அது அவளுக்கு வேறொரு அர்த்தமாகப் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. அதற்காக அந்த இருபது நிமிஷம் இல்லையென்று ஆகிவிடாது. அவனும் அதைப் பற்றி எதுவும் பேசவில்லை. சுமதிக்கு இரண்டாவது பையன் என்றான். கண்மாயில் இந்த வருஷம் தண்ணீர் இருக்கிறது என்றான்.

அனுவும் மற்றவர்களும் கம்பளிகளை அவிழ்த்தார்கள். வெளிச்சம் வந்ததும் மஞ்சப்பை கூடத்தின் நடுவில் தனியாக இருப்பது தெரிந்தது. பையின் வாயில் சேலை மடிப்பு எட்டிப் பார்த்தது.

"கோடியா?" என்றாள் யோகலட்சுமி.

தங்கசாமி தலையை ஆட்டினான். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல எடுத்தேன்."

அவள் எடுத்து விரித்தாள். ஊதாவில் கிளிப்பச்சைக் கரை. இரண்டு விரலுக்கு நடுவில் கரையை வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

"எண்பதாம் நம்பர் நூலுன்னு சொல்லியிருப்பானே?"

"ஆமா. சொன்னான்."

"அறுபதுதான், தடிச்ச நூலு. ஒன்னைய நல்லா ஏமாத்திட்டான். தங்கச்சி தறித் தெருவுல இருக்கா, இப்பிடியா எடுப்ப? ஊதாவும் பச்சையும். இந்தக் கலர நான் என்னைக்குக் கட்டியிருக்கேன்?"

"ஏட்டி, அந்த நேரத்துல நான் கலரா பாப்பேன்? கைக்கு வந்தத எடுத்துட்டு ஓடியாரேன்."

"போர்த்துனா நாலு பேரு பாப்பாங்கள்லா."

அவன் முறைத்தான். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே யோசனை வந்தது. கோடியாக எடுத்த சேலையை அவன் தன் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. உயிரோடு இருக்கிறவள் அதை வாங்கிக் கட்டவும் கூடாது. கடையிலும் திருப்பி எடுக்கமாட்டான். அனு, "எங்க படத்துக்குன்னு நாங்க வேணும்னா வச்சுக்கிடுதோம் அத்தை" என்றாள்.

"வேண்டாம்." யோகலட்சுமி அந்த மடிப்பிலேயே மடித்தாள். "இங்கனயே இருக்கட்டும். என்னைக்கா இருந்தாலும் வேணும்லா."

பீரோவைத் திறந்து மேல்தட்டில் வைத்தாள். தங்கசாமி தடுக்க வாயெடுத்தான். அந்த நேரம் கரண்டு வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தறி தட்ட ஆரம்பித்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாமே. டம்ளர்கள் நடுங்கத் தொடங்கின. அவன் என்னவோ சொன்னது வாயசைவாகத்தான் தெரிந்தது.

"என்ன?" என்று கத்தினாள்.

"கடைசி நேரத்துலதான் நான் வருவேன்னு நெனைச்சியா?" என்று அவனும் கத்தினான்.

அவள் காதைக் காட்டி, கேட்கவில்லை என்று கையை ஆட்டினாள். கேட்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போனாள். பேச்சிராஜின் பழைய ரப்பர் செருப்பை அவனுக்குக் கொடுத்திருந்தாள், ஒரு அளவு பெரிது. ஜன்னலோரம் இடம்பிடித்துக்கொண்டு அவன் தலையை நீட்டினான். வீட்டுக்கு வா என்று சொல்வானோ என்று அவள் நின்றாள். அது பெண்டாட்டியைக் கேட்காமல் அவன் மட்டும் சொல்லிவிடக்கூடிய சொல் இல்லை. அவனும் சொல்லவில்லை. "சேலைய பூச்சி அரிச்சிராமப் பாத்துக்கோ" என்றான்.

"அந்துருண்டை போட்டு வைக்கேன்."

பஸ் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து போட்டோவைக் கழற்றி, கண்ணாடியில் இருந்த குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். மறுபடி பீரோவுக்குள் வைக்கப்போனவள், கட்டிலுக்கு எதிரே இருந்த ஆணியில் மாட்டினாள். ரோஜா மாலை வாடாமல் இருந்தது. தூரப் போட மனமில்லாமல், பேச்சிராஜுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலையை எடுத்துவிட்டு அதைப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அனு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டே நிமிஷம். தறிச்சத்தத்தில் எதுவும் கேட்காது என்று காதில் மாட்டுகிறதைக் கொடுத்தாள். இருட்டு, புகை, தன் வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தம். மூன்று தட்டு. கதவு திறக்கிறது. யோகலட்சுமி தன் முகத்தையே பார்த்தாள். கண் விரிந்து, வாய் லேசாகத் திறந்து, தாடை நடுங்குகிற முகம். வேப்பமரமோ நாற்காலியோ ஒன்றும் காட்டவில்லை. உடனே போட்டோ. படத்தின் பெயர்.

"கிளாஸ்ல எல்லாரும் இந்த எடத்துல அலறிட்டாங்க அத்தை. அங்கன யாருமே இல்லாததப் பாத்து நீங்க பயப்படுதீயன்னு நெனைச்சுட்டாங்க. சாரு கேட்டாரு, எப்பிடி இந்த எக்ஸ்பிரஷன வாங்குனேன்னு."

"நீ என்ன சொன்ன?"

"அவங்க அண்ணன் வந்தாருன்னு சொன்னேன். ஒருத்தனுக்கும் வெளங்கல."

யோகலட்சுமி இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்த முகம் வந்ததும் நிறுத்தச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அடுத்த மாதம் ஷட்டவுன் வந்தது. காலையில் கோவில். நடை சாத்தியதும் பஸ் ஸ்டாண்டு, அதே பெஞ்சு. தங்கசாமி இடையில் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான். இரண்டு தடவையும் கரண்டு இருந்ததால் பாதிப் பேச்சு கேட்கவில்லை. வாசுதேவநல்லூர் பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை பார்த்திருந்துவிட்டு யோகலட்சுமி எழுந்துபோனாள். கண்டக்டர் படியில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கயிருந்து திரும்பி வர கடைசி வண்டி எத்தன மணிக்கு, அண்ணாச்சி?"

"ஒம்பதரைக்கு. ஏறுதீயளா?"

"இன்னைக்கு இல்ல" என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.